பெட்டிக்குள் ஏறும் சூடு

காற்றுக்கு வர ஒரு வழியும் போக ஒரு வழியும் கிடைத்துவிட்டால் அது ஆளைக் கொல்லும் என்பது தெசாங்காவின் முடிவு. தெசாங்காவின் முடிவு என்று சொல்வானேன், எங்கள் நீஷ் ஊர் மொத்தத்துக்கும் முடிவு அதுதான். குறுக்குக் காற்று பட்டால் கழுத்து பிடித்துக்கொள்ளும், காது அடைக்கும், பல் கூசும், சிறுநீரகம் கெடும். ஜூலை வெயிலில் பஸ்ஸுக்குள் நாற்பது பேர் வெந்துகொண்டிருக்கும்போது எதிரெதிர் ஜன்னல் இரண்டைத் திறந்து பாருங்கள், பின்சீட்டிலிருந்து யாராவது எழுந்து வந்து உங்களைத் திட்டிவிட்டு ஒன்றைச் சாத்துவார்கள். டாக்டருக்குப் படித்தவர்களே முதலில் கழுத்தைத்தான் மூடிக்கொள்வார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும்.

தெசாங்காவின் மருமகள் சென்கா சிரிக்கிற கட்சி. சிரிப்பெல்லாம் மனதுக்குள்தான். கல்யாணமாகி இந்த மூன்றாம் மாடி வீட்டுக்கு வந்த முதல் வாரம் சமையலறை ஜன்னலையும் கூடத்து ஜன்னலையும் சேர்த்துத் திறந்தாள். மாமியார் ஓடி வந்து ஒன்றைச் சாத்தினாள், மருமகளின் தோளில் கம்பளிச் சால்வையைப் போட்டாள், "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன் பொண்ணே" என்றாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாமே சென்காவின் நல்லதுக்குத்தான் நடந்தது. ஈரத்தலையோடு வெளியே போகக் கூடாது, வெறுங்காலோடு தரையில் நடக்கக் கூடாது, வேலைக்குப் போனால் உடம்பு கெடும், தனி வீடு பார்த்துப் போனால் தனிமை வாட்டும். நல்லது செய்தே ஒருத்தியை மூச்சு முட்ட வைக்க முடியுமா என்றால், முடியும். தெசாங்கா கெட்டவள் இல்லை என்பதுதான் இதில் பெரிய கஷ்டம். கெட்டவளாக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

தன்னுடையது என்று சொல்ல அந்த வீட்டில் சென்காவுக்கு இருந்தது ஒரு பாம்பு. அவள் தம்பி வெல்யிகோ ஆஸ்திரியாவுக்குப் பஸ் ஓட்டப் போனபோது, "ரெண்டே மாசம்க்கா, வந்து தூக்கிட்டுப் போயிடறேன்" என்று பெட்டியோடு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். மூன்று வருஷமாகிறது. குட்டையான மலைப்பாம்பு ஜாதி, விஷம் கிடையாது, சோம்பேறி, பெயர் ஜூஜா. அப்பா அம்மா போன பிறகு சென்காவின் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது தம்பிதான். தம்பியும் போய்விட, மிச்சம் ஜூஜா. இப்படி ஒரு பாசமா என்று கேட்பவர்கள் ஒரு குளிர்காலம் முழுக்கத் தெசாங்காவோடு அந்த வீட்டில் இருந்து பார்க்கட்டும்.

பாம்புக்குத் தன் உடம்பில் சூடு கிடையாது, நாம்தான் கொடுக்க வேண்டும். வெல்யிகோ பலகையில் அடித்த பெட்டி அது. முன்பக்கம் தள்ளித் திறக்கிற இரண்டு கண்ணாடி, பக்கவாட்டில் மூச்சுக்குத் துளைகள். ஒரு மூலையில் வெளிச்சம் தராமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் பல்பு, பாம்பு சுட்டுக்கொள்ளாமல் இருக்க அதற்கு ஒரு கம்பிக் கூண்டு. பல்பை அணைத்து அணைத்து ஏற்ற வெளியே ஒரு தெர்மோஸ்டாட். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே போகும். ஒயரின் நுனி உள்ளே எவ்வளவு சூடு என்று தொட்டுப் பார்த்துச் சொல்லும், அதைக் கேட்டு தெர்மோஸ்டாட் பல்பை நிறுத்தும். எதிர் மூலை குளிர்ச்சியான மூலை. ஜூஜாவுக்குச் சூடு போதுமென்றால் அங்கே நகர்ந்துவிடும். வேர்க்கவோ விசிறிக்கொள்ளவோ தெரியாத பிராணிக்கு அந்த ஒரு நகர்தல்தான் பிழைக்கும் வழி. குளிர்ந்த மூலையில் சென்கா ஒரு சின்ன வெப்பமானியையும் போட்டு வைத்திருந்தாள். சீனாக்காரன் கடையில் வாங்கியது, ஒயர் இல்லாதது. அதன் திரை சமையலறை அலமாரியில், உப்பு ஜாடி பக்கத்தில் இருந்தது. வீட்டுப் படம் போட்ட எண் சமையலறைச் சூடு. மரப் படம் போட்ட எண், கடைக்காரன் கணக்கில் வெளியூர் வானிலை, சென்கா கணக்கில் ஜூஜாவின் மூலை. அது இருபத்தாறு காட்டினால் சென்கா நிம்மதியாக வெங்காயம் நறுக்குவாள்.

தெசாங்கா பாம்பைச் சகித்துக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "விருந்தாளி ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் அன்னிக்கே அது வெளியே போகணும். கூமுக்கு மட்டும் தெரிஞ்சுதுன்னா நான் உயிரோட இருக்க மாட்டேன்." கூம் என்றால் ஞானத்தகப்பன், சென்காவின் புருஷன் ராஸ்ட்கோவைத் தொட்டிலில் இருந்து எடுத்து ஞானஸ்நானம் கொடுக்க வைத்தவர். பெயர் ராதிவோய். வாலிபத்தில் புல் அறுக்கப் போன இடத்தில் ஒரு விரியன் அவருடைய பூட்ஸைக் கடித்திருக்கிறது. காலைக்கூட இல்லை, பூட்ஸை. அன்றிலிருந்து பாம்பு என்ற சொல் விழுந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போகிறவர் அவர். கூம் உறவு முறிந்தால் குடும்பம் விளங்காது என்பதில் தெசாங்காவுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

இப்போது வந்தது டிசம்பர் பத்தொன்பது, வீட்டுப் புனிதர் நிக்கொலாவின் நாள், ஸ்லாவா. ஸ்லாவாவுக்கு யாரையும் அழைப்பதில்லை. வருகிறவர்கள் வருவார்கள், போகிறபோது போவார்கள். வீட்டுக்காரன் காலையில் மெழுகுவத்தி ஏற்றினால் ராத்திரி அதை ஒயின் விட்டு அணைக்கிற வரை உட்காரக் கூடாது, நின்றுகொண்டே விருந்தாளிகளுக்கு ஊற்ற வேண்டும். மெழுகுவத்தி நடுவில் தானாக அணைந்தால் வீட்டில் ஒரு உயிர் போகும். தெசாங்காவின் புருஷன் இறந்த வருஷம் அது அணைந்தது. அதற்குப் பிறகு அந்தச் சுடரைத் தெசாங்கா பார்க்கிற பார்வையே வேறு.

ஜூஜா இருந்த சின்ன அறைக்குக் கூடத்தின் வழியாகத்தான் போக வேண்டும், கதவும் கூடத்துப் பக்கம்தான் திறக்கும். விரித்துப் போட்ட மேஜை கூடத்தை அடைத்துக்கொண்டது. தெசாங்காதான் சொன்னாள், "பெஞ்சை அந்தக் கதவோட ஒட்டிப் போட்டுடலாம். ராதிவோய் உக்கார்ந்தா பீரங்கி வெச்சாலும் கதவு திறக்காது." நல்ல யோசனை என்று சென்காவே ஒரு முனையைத் தூக்கிக் கொடுத்தாள். பெஞ்சைப் போடுவதற்கு வெகு நேரம் முன்பு, காலையில் அவள் கடைசியாகப் பார்த்தபோது ஜூஜா சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது, எல்லாம் சரியாக இருந்தது. பிறகு அவள் மீன் சுத்தம் செய்யப் போய்விட்டாள்.

மதியத்துக்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. வந்தவர்கள் நின்றபடியே சர்க்கரையும் வால்நட்டும் போட்டுப் பிசைந்த கோதுமையில் ஒரு ஸ்பூன் எடுத்தார்கள், ராக்கியா என்கிற பழச்சாராயம் குடித்தார்கள், உட்கார்ந்தார்கள். கூம் ராதிவோய் பெஞ்சின் நடுவில் அமர்ந்து கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டார். அவருக்கு இரண்டு பக்கமும் மும்மூன்று பேர். ஊருக்கே ஒரே கொதிகலன் அனுப்பும் சூடு, எங்கள் ஊர் வீடுகளின் சுவர் ரேடியேட்டர்களில் அதைக் குறைக்கத் திருகு கிடையாது. ஜன்னல் திறக்கவும் முடியாது, மெழுகுவத்தி இருக்கிறது. எல்லோர் முகமும் சிவந்து பளபளத்தது.

தட்டு எடுக்கச் சமையலறைக்குப் போன சென்கா திரையைப் பார்த்தாள். மரப் படத்துக்குப் பக்கத்தில் முப்பது.

ஜூஜாவின் குளிர்ந்த மூலை ஒருநாளும் முப்பதைத் தொட்டதில்லை. வேகிற பீன்ஸை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு மறுபடி பார்த்தாள். முப்பத்தொன்று. குளிர்ந்த மூலையே இப்படியென்றால் பல்புக்குக் கீழே என்ன கதியோ.

ராஸ்ட்கோவைச் சட்டைக் கையைப் பிடித்து நடைக்கு இழுத்து வந்தாள். ஒயின் பாட்டிலோடு வந்தான்.

"ஜூஜா பெட்டியில சூடு ஏறிக்கிட்டே இருக்கு. நான் உள்ள போகணும். ரெண்டு நிமிஷம் அவங்களை எந்திரிக்கச் சொல்லு."

"கூமை எந்திரிக்கச் சொல்றதா? ஸ்லாவா அன்னிக்கா? உனக்குப் பைத்தியமா? எந்திரிங்கன்னா வீட்டை விட்டுக் கிளம்புங்கன்னு அர்த்தம்."

"அது செத்துப் போயிடும் ராஸ்ட்கோ."

"கொஞ்சம் பொறு. சாப்பிட்டுக் கால் நீட்ட எந்திரிப்பாங்கல்ல."

"உங்க கூம் போன வருஷம் எப்ப எந்திரிச்சார்னு ஞாபகம் இருக்கா? மறுநாள்!"

உள்ளேயிருந்து "வீட்டுக்காரன் எங்கப்பா, கிளாஸ் காய்ஞ்சு கிடக்கு" என்று குரல் வந்தது. ராஸ்ட்கோ பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினான். நல்லவன்தான். அம்மாவுக்கும் நல்லவன், கூமுக்கும் நல்லவன், மனைவிக்கும் நல்லவன். இப்படி எல்லோருக்கும் நல்லவனாக இருப்பவனால் யாருக்கு என்ன பிரயோஜனம் என்று சென்காவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

சொன்னால் ஜூஜா வீட்டை விட்டுப் போகும். சொல்லாவிட்டால் ஜூஜா வெந்து போகும். இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வழி இருக்க வேண்டுமென்று யோசித்தாள். அப்போதுதான் காபி ஞாபகம் வந்தது. எங்கள் பக்கம் விருந்தின் கடைசியில் ஒரு காபி வரும். அது வந்தால் நேரமாயிற்று, எழுந்திருங்கள் என்று பொருள், வாய் திறந்து யாரும் சொல்ல வேண்டியதில்லை. மளமளவென்று காபி கொதிக்க வைத்துப் பதினான்கு கோப்பையில் ஊற்றித் தட்டோடு கூடத்து வாசலுக்கு வந்தாள். அங்கே தெசாங்கா மறித்தாள்.

"என்னது இது?"

"காபி அத்தை."

"மீன் இன்னும் வரலை! கெண்டை மீனை அடுப்புல வெச்சுக்கிட்டு மனுஷங்களை விரட்டுறியா? என்னைச் சந்தி சிரிக்க வைக்கணும்னே நிக்கிறியா?" குரலை இறக்கி, முகத்தில் சிரிப்பு மாறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். தட்டை வாங்கிச் சமையலறைக்குத் திருப்பினாள். "போ, முகத்தைக் கழுவு. வேர்த்துப் போயிருக்கே. ஜன்னல்கிட்ட மட்டும் நிக்காதே."

"அத்தை, உள்ள அந்தப் பெட்டியில..."

"ஷ்ஷ்! அதோட பேச்சை இன்னிக்கு எடுக்காதே. அதுக்கு ஒண்ணும் ஆகாது. நான் பார்த்துட்டேன்."

என்ன பார்த்தாள் என்று கேட்பதற்குள் தெசாங்கா மீன் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கூடத்தில் வாழ்த்துச் சத்தம் எழுந்தது. சென்கா கழுவுதொட்டி ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தாள். சின்ன அறை ஜன்னல் இரண்டு கை தூரத்தில்தான் இருந்தது. கீழே மூன்று மாடி ஆழத்தில் பனி மூடிய கார்கள். ஒரு நிமிஷம் அந்த விளிம்பில் கால் வைக்க முடியுமா என்றுகூடக் கணக்குப் போட்டாள். பிறகு தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

அடுத்து பியூஸ் பெட்டி. நடையில், கோட்டு மாட்டுகிற இடத்துக்கு மேலே இருந்தது. கூடத்துக்கும் சின்ன அறைக்கும் ஒரே சுவிட்ச். சென்கா நாலாபக்கமும் பார்த்துவிட்டு அதைக் கீழே தள்ளினாள். கூடம் இருண்டது. மேஜை நடுவில், ஸ்லாவா ரொட்டிக்குப் பக்கத்தில், மெழுகுவத்தி மட்டும் எரிந்தது. யாராவது பதறுவார்கள் என்று பார்த்தால் "ஆகா, அந்தக் காலம் மாதிரி!" என்று ஒருவர் பாட ஆரம்பித்தார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பாடட்டும். இருட்டில் விடிய விடிய பாடட்டும். சென்காவுக்கு மூச்சு வந்தது.

ஒருவர் மட்டும் எழுந்தார். பெஞ்சில் இருந்தவர் இல்லை, வாசல் பக்கம் நாற்காலியில் இருந்த வுகாஷின், கீழ் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் கம்பம் ஏறி ஓய்வு பெற்றவர்.

"நான் இருக்கும்போது ஸ்லாவாவுல இருட்டா? தள்ளும்மா." ஒரு விரலால் சுவிட்சை மேலே தள்ளினார். கைதட்டல் கேட்டது. திரும்பியவர், ராக்கியா கிளாஸைக் கொண்டுவந்து பியூஸ் பெட்டிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "மறுபடி விழும். இதுங்க குணம் எனக்குத் தெரியும். நீ போய் வேலையைப் பாரு, நான் காவல் இருக்கேன்."

"வேண்டாம் அண்ணா, நீங்க போய்ச் சாப்பிடுங்க."

"இங்கேயே கொண்டா." கழுத்தை நீட்டிச் சமையலறை அலமாரியைப் பார்த்தார். "அட, உங்க வெப்பமானியைப் பாருங்கப்பா! வெளியே முப்பத்துநாலு டிகிரியாம்! டிசம்பர்ல! கடலுக்குக் குளிக்கப் போகலாம் வாங்க!"

கூடமே சிரித்தது. கூம் ராதிவோய் கதவு அதிர அதிரச் சிரித்தார். சென்காவும் சிரிக்க வேண்டியிருந்தது. சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போய்த் திரையைத் துண்டால் மூடினாள், மூடியவுடன் பயந்து போய்த் துண்டை விலக்கினாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்லாவா வாழ்த்துச் சொல்ல வெல்யிகோ போன் செய்தான். லின்ஸ் நகரத்து பஸ் நிலையத்தின் இரைச்சல் பின்னால் கேட்டது.

"வாழ்த்துக்கள் அக்கா! நல்ல கூட்டமா? ஜூஜா எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா." போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "வெல்யா, சும்மா கேக்கறேன். பெட்டியில சூடு நிக்காம ஏறிக்கிட்டே போனா என்ன அர்த்தம்?"

"ஒயர் நுனி வெளியே வந்திருக்கும். உள்ள இருந்தாத்தான் தெர்மோஸ்டாட்டுக்குப் புத்தி. வெளியே வந்துட்டா அது அறையைத் தொட்டுப் பார்த்துட்டு 'குளிருது குளிருது'ன்னு பல்பை எரிச்சுக்கிட்டே இருக்கும். போய் பிளக்கைப் பிடுங்கு, ஒரு நிமிஷ வேலை."

"ஒரு நிமிஷ வேலைதான்," என்றாள் சென்கா. நான்கு எட்டில் கதவு. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் ஏழு பேர், ஒரு கெண்டை மீன், இந்த ஊரின் மரியாதை மொத்தமும்.

"எவ்வளவு வரைக்கும் தாங்கும்?"

"முப்பத்தெட்டைத் தொட்டா முடிஞ்சுது. தூக்கினா ஜில் தண்ணியில போட்டுடாதே, வெதுவெதுப்புல போடு." கொஞ்சம் நிறுத்தினான். "ஏன்க்கா? ஏதாவது ஆச்சா? பூனைன்னா கத்தி ஊரைக் கூட்டிடும். இது கத்தாதுக்கா. வேகும்போதும் கத்தாது."

சென்கா போனை மாவுப் பலகையில் வைத்துவிட்டு நின்றாள். திரையில் முப்பத்தைந்து. கூடத்தில் கூம், சூடான மீனின் முதுகெலும்பை உருவினபடி, "இந்த வீட்டு மருமகள் மாதிரி அடக்கமான பொண்ணு பார்க்க முடியாது. சத்தமே வராது!" என்று புகழ்ந்துகொண்டிருந்தார்.

அதைக் கேட்டதும் சென்காவுக்குள் ஏதோ அறுந்தது. பயம்தான் அறுந்தது என்று நினைக்கிறேன். பெஞ்சில் இருக்கிற இந்த ஏழு பேரை எழுப்ப மரியாதையால் முடியாது, காபியால் முடியாது, இருட்டாலும் முடியாது. இந்த ஊர்க்காரன் எவனையும் எந்தப் பந்தியிலிருந்தும் எழுப்பக்கூடியது உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. அதைச் செய்தால் மெழுகுவத்தி என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள். இதில் அவளுக்காக நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை.

சமையலறை ஜன்னலின் இரண்டு கதவையும் விரியத் திறந்தாள். நடைக்கு வந்து, வுகாஷினைத் தாண்டி, வாசல் கதவையும் திறந்து செருப்பை அடைகொடுத்தாள். மாடிப்படி ஜன்னலுக்குக் கண்ணாடி போய் இரண்டு வருஷம்.

காற்று உள்ளே வந்தது. பனி மணக்க, மேஜை விரிப்பைத் தூக்கிக்கொண்டு, நேராகக் கூடத்தைக் கடந்தது.

"குறுக்குக் காத்து!" என்று முதலில் அலறியது கூம்தான். அலறியபடியே இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு எழுந்தார். பெஞ்சே எழுந்தது. ஒருவர் காதைப் பொத்தினார், ஒருவர் கைக்குட்டையைத் தலையில் போட்டார், ஜன்னலுக்கு இரண்டு பேர் ஓடினார்கள், வாசலுக்கு மூன்று பேர் ஓடினார்கள், நடையில் வுகாஷின்மேல் விழுந்தார்கள். தெசாங்கா மட்டும் எங்கேயும் ஓடவில்லை. மேஜைமேல் பாதி உடம்பைச் சாய்த்து இரண்டு உள்ளங்கையாலும் சுடரை மூடிக்கொண்டாள். சுடர் படுத்து எழுந்தது.

சென்கா பெஞ்சைப் பிடித்து இழுத்துக் கதவைத் திறந்தாள். சூடேறிய கம்பளி நாற்றம் குப்பென்று கூடத்துக்குள் வந்தது.

பெட்டியைக் காணோம். மாமியாரின் நல்ல ஆட்டுரோமப் போர்வை தரை வரைக்கும் தொங்கியது, அதன் கீழே இருந்தது பெட்டி. சென்கா போர்வையை உருவினாள். கண்ணாடி இரண்டும் இடுக்கில்லாமல் சாத்தியிருந்தது. ஒயர் நுனி வெளியே, அழகாகச் சுருட்டி நூல் கட்டிச் சுவர் ஆணியில் மாட்டியிருந்தது. பக்கவாட்டுத் துளைகளில் கருநீலக் கம்பளி மப்ளர் ஒன்று விரல் விரலாகத் திணிக்கப்பட்டிருந்தது. துணியின் அந்தப் பக்கம், வெளியே காற்று வருகிற இடம் தேடி, ஜூஜாவின் மூக்கு அழுந்திக் கிடந்தது. அசைவில்லை.

"யார் செஞ்சது?" என்று கத்தினாள். அந்த வீட்டில் அவள் கத்தியது அதுதான் முதல் தடவை. "கண்ணாடியை யார் மூடினது? அது வேகுது! உள்ள வேகுது!"

தெசாங்கா திரும்பிப் பார்த்தாள். மப்ளரைப் பார்த்தாள், கண்ணாடியில் ஒட்டியிருந்த வெள்ளை வயிற்றைப் பார்த்தாள். "ஐயோ, நான்தான்... இடுக்குல காத்து போச்சே..." என்றபடி கையை எடுத்துவிட்டு ஓடி வந்தாள். எதிலிருந்து கையை எடுத்தோம் என்று அவளுக்கு நினைவில்லை. பின்னால் சுடர் ஒருமுறை நீண்டு அணைந்தது. மெல்லிய புகை ரொட்டிக்கு மேலே எழுந்தது.

சென்கா பிளக்கைப் பிடுங்கி, கண்ணாடியைத் தள்ளி, ஜூஜாவை இரண்டு கையாலும் வாரினாள். ஈரத்துணி போலக் கனத்துத் தொங்கியது. கூடத்தில் அத்தனை பேரும் பார்த்தார்கள். கூம் ராதிவோய் சிலுவை போட்டுக்கொண்டார்.

"தண்ணி," என்றாள் சென்கா. "ஜில்லுன்னு வேணாம், வெதுவெதுப்பா."

தெசாங்கா மீன் கழுவிய எனாமல் பேசினைக் கொண்டுவந்து வைத்தாள். முழங்கையை விட்டு, குழந்தைக்குப் பார்ப்பது போலத் தண்ணீர் பதம் பார்த்தாள். இரண்டு பெண்களும் தரையில் மண்டியிட்டார்கள். சென்கா பாம்பின் தலையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டாள், தெசாங்கா உள்ளங்கையில் அள்ளி அள்ளி அதன் முதுகில் விட்டாள்.

"இதைத் தொட மாட்டேன், அந்த அறைப் பக்கமே வர மாட்டேன்னீங்களே," என்றாள் சென்கா. குரலில் இன்னும் நெருப்பு இருந்தது.

"நீ கடைக்குப் போறப்போ தினம் வந்து பார்ப்பேன். கை வெச்சுப் பார்ப்பேன். இந்த ஓட்டையில ஜில்லுன்னு காத்து வரும். யாருமில்லாத ஜந்து, சளி பிடிச்சா யார்கிட்டப் போய்ச் சொல்லும்னு..." தெசாங்காவின் மூக்கு சிவந்துவிட்டது. "இன்னிக்கு நாள் பூரா யாரும் உள்ள வர மாட்டோமேன்னுதான் நல்லா அடைச்சேன். நல்லதுன்னு நெனச்சேன் பொண்ணே."

"நல்லதுதான் அத்தை. எப்பவும் நல்லதுதான் செய்யறீங்க. மூச்சு விட ஒரு ஓட்டையை மட்டும் மிச்சம் வெச்சிருக்கலாம்."

எந்தப் பெட்டியைப் பற்றி அவள் பேசுகிறாள் என்று தெசாங்கா கேட்கவில்லை. மருமகளை நிமிர்ந்து பார்த்தாள், அவ்வளவுதான்.

தண்ணீருக்குள் வால் நுனி மெதுவாக மடங்கியது. கொஞ்ச நேரம் கழித்துப் பிளந்த நாக்கு ஒருமுறை வெளியே வந்து போனது. சென்கா அழுதுவிட்டாள்.

வாசலில் கூம் தொண்டையைக் கனைத்தார். கோட்டுக் காலரைக் காது வரை தூக்கிவிட்டிருந்தார். "தெசாங்கா, மெழுகுவத்தி அணைஞ்சு போச்சு. இந்த வீட்டுல ஒரு சாவு விழும். இதுவா நானான்னு இப்பவே முடிவு பண்ணு. பாம்பு இருக்கிற வீட்டுல நான் ஒரு வாய்கூட..."

தெசாங்கா எழவில்லை. தண்ணீர் அள்ளுவதை நிறுத்தவும் இல்லை. "விழ இருந்த சாவு இதுதான் கூம். விழலை. உங்க கம்பளித் தொப்பி பெரிய அறைக் கட்டில் மேல இருக்கு."

ஸ்லாவா அன்றைக்குக் கூமிடம் இப்படிச் சொன்ன பெண்பிள்ளை எங்கள் ஊரில் அதற்கு முன்பும் கிடையாது, பின்பும் கிடையாது. ராஸ்ட்கோ பாட்டிலோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றான். ராதிவோய் தொப்பி இருக்கிற திசையைப் பார்த்தார், மேஜையில் பாதி உரித்த கெண்டை மீனைப் பார்த்தார். மேஜையின் கடைக்கோடியில், அந்தக் கதவுக்கு எவ்வளவு தூரமாக முடியுமோ அவ்வளவு தூரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வுகாஷின் தீப்பெட்டியை நீட்ட, ராஸ்ட்கோ மெழுகுவத்தியை மறுபடி ஏற்றினான்.

சின்ன அறையில் அனல் இன்னும் அடங்கவில்லை. தெசாங்கா எழுந்து போய், தானே, தன் கையால் ஜன்னலைத் திறந்தாள். ஒரு பக்கம் மட்டும் இல்லை, இரண்டு கதவையும். திரும்பி வந்து, கூடத்துக் கதவு திறந்திருக்கிறது என்று தெரிந்தும் அதைச் சாத்தாமல், பெட்டித் துளைகளிலிருந்து மப்ளரை உருவினாள். அது அவள் புருஷனுடையது. உதறிக் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு, காற்று நேராக அடிக்கிற இடத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. ஜூஜா சென்காவின் மடியில், துண்டுக்குள், ஊர்ந்து ஊர்ந்து குளிர்ச்சியான பக்கம் தேடிக்கொண்டிருந்தது.

"ஜன்னலை மூடட்டுமா அத்தை? உங்களுக்குக் கழுத்து பிடிச்சுக்கும்."

"பிடிக்கட்டும்," என்றாள் தெசாங்கா. "திறந்தே இருக்கட்டும்."